வீவக வீட்டில் பவர் ரீஜெனரேட்டர்: வாங்குவதற்கு முன்பும் மாட்டும்போதும்

சென்ற ஆண்டு, சிங்கப்பூரில் உள்ள என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஹைஃபை ஒலிக்கருவிகளுக்காகப் பவர் ரீஜெனரேட்டர் ஒன்று வாங்கினேன். அதை மாட்டி, நிம்மதியாகப் பாட்டுக் கேட்க நான்கு மாதம் ஆயிற்று. பெட்டியில் ஒரு குறையும் இல்லை. நான் வேலையைச் செய்த வரிசைதான் தவறு. முதலில் வாங்கினேன், பிறகு அளந்தேன், கடைசியில்தான் வீட்டு ஒயரிங்கைப் பார்த்தேன். இதையே தலைகீழாகச் செய்திருந்தால் மூன்று வாரத்தில் முடிந்திருக்கும். கீழே உள்ளது அந்தச் சரியான வரிசை. பாதி வழியிலேயே உங்களுக்கு இந்தப் பெட்டி தேவையில்லை என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் இது என்ன செய்கிறது என்று தெளிவாகிக்கொள்வோம். சுவரிலிருந்து வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். அது அழகான வளைகோடாக ஏறி இறங்க வேண்டும். ஆனால் தொலைக்காட்சி, கணினி, எல்இடி விளக்கு, சார்ஜர் போன்றவை அலையின் உச்சியில் மட்டுமே மின்சாரத்தை உறிஞ்சுகின்றன. ஒரு புளோக்கில் நூறு வீடுகள் இதையே செய்தால் உச்சி மழுங்கிப்போகும். ரீஜெனரேட்டர் இந்த மின்சாரத்தை வாங்கி நேர்மின்னோட்டமாக மாற்றி, அதிலிருந்து புதிதாக ஓர் அலையை உருவாக்கித் தருகிறது. ஸ்பீக்கருக்குப் பதிலாக உங்கள் ஆம்ப்ளிஃபயரை ஓட்டும் இன்னொரு ஆம்ப்ளிஃபயர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பிஎஸ் ஆடியோ, ஜப்பானின் அக்யூஃபேஸ் ஆகியவை இத்துறையில் பலரும் அறிந்த பெயர்கள். அக்யூஃபேஸ் முறை கொஞ்சம் வேறு. அது வரும் அலையைத் தூய அலையோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் கூட்டிக் குறைத்துத் திருத்துகிறது.

இதனால் சரியாகக்கூடியவை மூன்று: வோல்ட் ஏறி இறங்குவது, அலை கோணலாவது, அலைமேல் சவாரி செய்யும் இரைச்சல். சுவர் வழியாக வராத எதையும் இது தொடாது. எர்த் சுற்றால் (கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒரு வளையமாகச் சேர்வதால்) வரும் ரீங்காரம், அறையின் எதிரொலி, மோசமான ஒலிப்பதிவு எல்லாம் அப்படியே இருக்கும்.

1. உங்கள் சிக்கலுக்குப் பெயர் வையுங்கள் (ஒரு மாலை, செலவு இல்லை)

இரவு பத்து மணிக்கு மேல் வீடு அடங்கியதும் உட்காருங்கள். ஆம்ப்பைப் போட்டு, ஒலியளவைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்பீக்கருக்கு அருகில் காதை வைத்துக் கேளுங்கள். அப்புறம் ஆம்ப்பின் மூடிமேல் காதை வையுங்கள். இரண்டும் வேறு வேறு நோய்கள்.

ஸ்பீக்கரிலிருந்து ஆழமாக, மெத்தென்ற “ம்ம்” வந்தால் அது 50 ஹெர்ட்ஸ். பெரும்பாலும் எர்த் சுற்று. ஆம்ப்பின் பின்னால் உள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள் (ஒவ்வொரு முறையும் ஆம்ப்பை அணைத்துவிட்டு). எதைக் கழற்றும்போது நிற்கிறதோ அங்கேதான் குற்றவாளி.

கொஞ்சம் கூர்மையாக, வண்டு ரீங்கரிப்பதுபோல் வந்தால் அது 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். ஆம்ப்புக்குள் இருக்கும் மின்வழங்கிப் பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். பழைய ஆம்ப் என்றால் கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கலாம். பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

ஒலி ஸ்பீக்கரில் இல்லாமல் ஆம்ப் பெட்டியிலிருந்தே வந்தால், டிரான்ஸ்ஃபார்மர் முனகுகிறது. வட்ட வடிவ டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு இது வழக்கம். மாறுமின்னோட்டத்தோடு சிறிது நேர்மின்னோட்டம் கலந்து வந்தாலே அவை முனகும். சில ஹேர் டிரையர்கள் குறைந்த சூட்டில் ஓடும்போது அலையின் ஒரு பாதியை மட்டுமே எடுக்கும். அந்த நேரத்தில் இப்படிக் கலக்கிறது. வீட்டில் யாரையாவது ஹேர் டிரையரைப் போடச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள்.

குளிர்பதனப்பெட்டி நிற்கும்போது “டக்” என்று கேட்பது, ட்வீட்டரில் (உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கர்) மாலையில் கூடி நள்ளிரவில் குறையும் கரகரப்பு ஆகியவை மின்கம்பி வழியாக வருபவை. ரீஜெனரேட்டருக்கு வேலை இருப்பது இங்கேயும் பெட்டி முனகலிலும்தான்.

என் வீட்டில் மூன்று நோய்கள் ஒன்றாக இருந்தன: ஆழமான ரீங்காரம், பெட்டி முனகல், மாலை நேரக் கரகரப்பு. மூன்றையும் ஒன்றென்று நினைத்து ஒரே மருந்து வாங்கினேன். மாட்டிய அன்று பின்னிரண்டும் போயின. ரீங்காரம் அப்படியே நின்றது. தம்பூரா மட்டும் ஒலிக்கும் கச்சேரித் தொடக்கங்களில் அதன் சுருதிக்குக் கீழே அந்த “ம்ம்” கேட்டுக்கொண்டே இருந்தது. பெட்டி பழுது என்று விற்றவரிடம் வாரக்கணக்கில் வாதாடினேன். உண்மையில், தொலைக்காட்சிக்குச் சுவரிலிருந்து வரும் ஆன்டெனா கம்பி தன் எர்த்தையும் கூடவே கொண்டுவந்து, தொலைக்காட்சி வழியாக ஆம்ப்புக்குள் விட்டிருக்கிறது. ஆன்டெனா கம்பிக்கு நடுவே மாட்டும் ஐசொலேட்டர் ஒன்று, விலை 15 வெள்ளிக்கும் குறைவு. மாட்டிய நொடியில் ரீங்காரம் நின்றது.

2. ஒரு வாரம் அளந்து எழுதுங்கள் (20 முதல் 30 வெள்ளி)

பிளக்கில் செருகி வோல்ட், வாட் இரண்டையும் காட்டும் சிறிய மீட்டர் ஒன்று வாங்குங்கள். நம் மூன்று முள் பிளக்குக்கானதையே கேளுங்கள். காலை, மாலை ஏழு மணி, நள்ளிரவு என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள்.

சிங்கப்பூரில் 230 வோல்ட்டிலிருந்து 6 விழுக்காடு வரை ஏறலாம், இறங்கலாம். அதாவது 216 முதல் 244 வரை. என் வீட்டில் ஒரு வாரத்தில் 231 முதல் 239 வரைதான் போயிற்று. இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: வோல்ட் ஏறி இறங்குகிறது என்ற காரணத்துக்காக மட்டும் இந்த ஊரில் ரீஜெனரேட்டர் வாங்காதீர்கள். சென்னையில் உள்ள உறவினர் வீட்டுக்குப் பொருந்தும் காரணம் இங்கே பொருந்தாது. நல்ல ஆம்ப் எதுவும் இந்த எட்டு வோல்ட் வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாது.

அதே மீட்டரில் ஒவ்வொரு கருவியும் சும்மா இருக்கும்போதும், நீங்கள் கேட்கும் அதிகபட்ச ஒலியிலும் எத்தனை வாட் எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் படியில் இந்த எண்கள் தேவைப்படும்.

3. காசு செலவில்லாத வைத்தியத்தை முதலில் முடியுங்கள் (ஒரு வாரக் கடைசி)

தொலைபேசி சார்ஜர், ரௌட்டர், எல்இடி விளக்கின் டிம்மர் ஆகியவை ஹைஃபை இருக்கும் அதே எக்ஸ்டென்ஷனில் இருந்தால் பிரித்துவிடுங்கள். அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. படுக்கையறைக்கு இணையம் கொண்டுபோக மின்கம்பியையே பயன்படுத்தும் பவர்லைன் அடாப்டர் உங்கள் வீட்டில் உண்டா? அது வேலை செய்வதே உங்கள் வீட்டு மின்கம்பிகளில் உயர் அதிர்வெண் சமிக்ஞையை ஏற்றித்தான். அதை ஓடவிட்டுக்கொண்டு சுத்தமான மின்சாரத்தைத் தேடுவதில் பொருளில்லை. அதை எடுத்துவிட்டு மெஷ் வைஃபைக்கு மாறியபோது என் வீட்டில் கரகரப்பில் பாதி போய்விட்டது.

பெட்டி முனகல் மட்டுமே உங்கள் சிக்கல் என்றால், கலந்து வரும் நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும் டிசி பிளாக்கர் என்ற சிறிய பெட்டி போதும். சில நூறு வெள்ளியில் முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டாம்.

4. வீட்டு ஒயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள் (அரை நாள்)

மின்பெட்டியைத் திறந்து ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி அது. 1985 ஜூலைக்கு முன் கட்டிய சில வீடுகளில் இல்லாமல் இருந்தது. 2025 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் இருந்தாக வேண்டும்.

வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் மட்டும் கொடுங்கள். ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிச் சரிபார்க்கலாம். வருவதற்கு முன்பே அவரது உரிம எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பார்க்கச் சொல்ல வேண்டியவை: ஹைஃபை சாக்கெட்டின் எர்த் சரியாக இருக்கிறதா, சாக்கெட்டுக்குள் ஸ்குரூ தளர்ந்திருக்கிறதா, அந்தச் சுற்றில் வேறு என்னென்ன ஓடுகிறது. எனக்கு 120 வெள்ளி ஆயிற்று. சாக்கெட்டின் பின்னால் ஒரு கம்பி தளர்ந்து கருகியிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார்.

ஹைஃபைக்கென்று தனிச் சுற்று போடலாமா என்று பலரும் கேட்பார்கள். போடலாம். ஆனால் கம்பி சுவர்மேல் குழாயில்தான் ஓடும், செலவு சில நூறு வெள்ளி கூடும், வீவக விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டைப் புதுப்பிக்கும் சமயமாக இருந்தால் செய்யுங்கள். அதற்காக மட்டும் சுவரைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

ரீங்காரத்தைப் பற்றிச் சொன்னதும் அந்த மின்பணியாளர் அண்ணன் சொன்னது ஒன்றுதான்: “தம்பி, என்ன வேணும்னாலும் பண்ணுங்க, எர்த் கம்பியை மட்டும் கழட்டிடாதீங்க.” இணையத்தில் சிலர் அப்படிச் செய்யச் சொல்வார்கள். ரீங்காரம் நிற்கவும் செய்யும். ஆனால் ஆம்ப்புக்குள் ஏதாவது பழுதானால் அதன் இரும்பு மூடி முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். குழந்தைகள் இருக்கும் வீடு. செய்யவே செய்யாதீர்கள்.

5. அளவைக் கணக்கிடுங்கள்

இரண்டாம் படியில் குறித்த அதிகபட்ச வாட்களைக் கூட்டி, இரண்டால் பெருக்குங்கள். அந்த அளவைத் தொடர்ந்து தரக்கூடிய ரீஜெனரேட்டர் வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது சில நொடிகள் மட்டும் தரும் உச்ச அளவாக இருக்கலாம். “தொடர்ச்சியாக எத்தனை வோல்ட் ஆம்பியர்?” என்று கேளுங்கள் (ரீஜெனரேட்டரின் அளவைப் பெரும்பாலும் இந்த அலகில்தான் சொல்வார்கள்).

என் கணக்கு: ஆம்ப் 220, டிஏசி (டிஜிட்டல் இசையை ஆம்ப்புக்கு ஏற்ற சமிக்ஞையாக மாற்றும் கருவி) 15, ஸ்ட்ரீமர் (இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் கருவி) 15, மொத்தம் 250 வாட். இரண்டால் பெருக்கினால் 500. கிளாஸ் ஏ ஆம்ப் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். அது பாட்டு ஓடாதபோதும் இருநூறு, முந்நூறு வாட் எடுத்துக்கொண்டே இருக்கும்.

அளவு போதவில்லை என்றால் எப்படித் தெரியும்? வீணை கேட்டால் தெரியாது. தவில் கேட்டால் தெரியும். தனி ஆவர்த்தனத்தில் அடி விழும் கணத்தில் ஆம்ப் சட்டென்று நிறைய மின்சாரம் கேட்கிறது. கிடைக்காவிட்டால் அடியின் முனை மழுங்கி, ஒலி அமுங்கிப்போகும். சுவரில் நேராகச் செருகினாலே நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றும். பெரிய பவர் ஆம்ப்பைச் சுவரிலேயே விட்டுவிட்டு, டிஏசி, பிரீஆம்ப், டர்ன்டேபிள் ஆகியவற்றை மட்டும் சிறிய ரீஜெனரேட்டரில் ஓட்டுவது நல்ல சமரசம்.

டர்ன்டேபிள் என்றதும் ஒன்று. சில பழைய டர்ன்டேபிள்களின் மோட்டார் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. அமெரிக்காவிலிருந்து வந்த 60 ஹெர்ட்ஸ் மோட்டார் இங்கே மெதுவாகச் சுற்றும். அதிர்வெண்ணை மாற்றும் வசதியுள்ள ரீஜெனரேட்டர் இருந்தால், மோட்டாரின் வோல்ட்டும் ஒத்துப்போகும்பட்சத்தில், அதை 60-இல் ஓட்டிச் சரியான சுருதியில் கேட்கலாம். இசைத்தட்டுப் பிரியர்களுக்கு இந்த ஒரு வசதியே போதுமான காரணம்.

கணினிக்கு விற்கும் மலிவான யுபிஎஸ்ஸை இதற்குப் பதிலாக வாங்காதீர்கள். அவற்றில் பல, பேட்டரியில் ஓடும்போது படிக்கட்டு போன்ற அலையைத் தரும். அது சுவரில் வருவதைவிட மோசம். டபுள் கன்வெர்ஷன் யுபிஎஸ் உண்மையில் ரீஜெனரேட்டர் செய்யும் வேலையைத்தான் செய்கிறது, ஆனால் அதன் காற்றாடிச் சத்தம் கூடத்தில் சகிக்காது.

6. வாங்குவது: விலை, வரி, ஆவணங்கள்

முதலில் கோல்மன் தெருவில் உள்ள அடெல்ஃபி கட்டடத்துக்குப் போங்கள். சிட்டி ஹால் எம்ஆர்டியிலிருந்து நடக்கும் தூரம். ஹைஃபை கடைகள் பல அங்கே ஒன்றாக இருக்கின்றன. வாரநாள் பிற்பகலில் போனால் நின்று பேசுவார்கள். வாரக் கடைசியில் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கத் தருவார்களா என்று கேளுங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு தருபவர்கள் உண்டு. பல ரீஜெனரேட்டர்களின் திரையில் உள்ளே வரும் அலையின் கோணலும் வெளியே போகும் அலையின் கோணலும் விழுக்காட்டில் தெரியும். என் வீட்டில் மாலை எட்டு மணிக்கு உள்ளே 3.1, வெளியே 0.2. உள்ளே வருவதே ஒன்றுக்குக் கீழே இருந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புதியது பல ஆயிரம் வெள்ளி. நான் கரோசல் இணையச் சந்தையில் பழையது ஒன்றை 1,900 வெள்ளிக்கு வாங்கினேன். தனியாரிடம் வாங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: பழுதான பொருளுக்குப் பரிகாரம் கேட்க வழிசெய்யும் லெமன் சட்டம் கடைகளில் வாங்கும் பொருளுக்குத்தான், பழைய பொருளானாலும் சரி. தனிமனிதர் தனிமனிதருக்கு விற்பதை அது காக்காது. கடையில் வாங்கியது ஆறு மாதத்துக்குள் பழுதானால், பழுது விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். மறுப்பதாக இருந்தால் கடைதான் நிரூபிக்க வேண்டும். அதனால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கத் தீர்வை இல்லை. பொருள் சேவை வரி 9 விழுக்காடு உண்டு. அது பொருளின் விலைக்கு மட்டுமல்ல, கப்பல் கட்டணத்தையும் காப்புறுதியையும் சேர்த்துத்தான். 2,000 வெள்ளிப் பொருள், 300 கட்டணம், 20 காப்புறுதி என்றால் 2,320-க்கு வரி 208 வெள்ளி 80 காசு. கொண்டுவரும் நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தைத் தனியாகக் கேட்கும். இந்தப் பெட்டிகள் இருபது, முப்பது கிலோ எடை, எனவே கப்பல் கட்டணத்தை முதலில் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

பலரும் விழும் பள்ளம் வோல்ட். அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட், ஜப்பானியப் பெட்டி 100 வோல்ட். ரீஜெனரேட்டர்தானே, மாற்றிக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். பெட்டியின் பின்னால் ஒட்டியுள்ள தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று கண்ணால் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். அடுத்தது வெளியே கொடுக்கும் சாக்கெட்டுகள். அமெரிக்கச் சாக்கெட்டோ ஐரோப்பியச் சாக்கெட்டோ இருந்தால், பயண அடாப்டர் போட்டுச் சமாளிக்கக் கூடாது. பல அடாப்டர்களில் எர்த் சேராது. நம் பிளக் நேராகப் போகும் வகையைக் கேளுங்கள், இல்லாவிட்டால் முறையான கம்பி செய்து வாங்குங்கள்.

கையில் இருக்க வேண்டிய தாள்கள்: வரிசை எண் எழுதிய ரசீது, உத்தரவாத அட்டை (அது சிங்கப்பூரில் செல்லுமா என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள்), வரவழைத்ததானால் விமானச் சரக்குச் சீட்டும் (ஏர்வே பில்) வரி கட்டிய ரசீதும். பிளக், எக்ஸ்டென்ஷன் வாங்கும்போது பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

7. மாட்டுவது

இரண்டு பேராகத் தூக்குங்கள். பெட்டியைச் சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், அலமாரிக்குள் மூடி வைக்காதீர்கள். உள்ளே போகும் மின்சாரத்தில் ஒரு பகுதி வெப்பமாகத்தான் வெளியேறும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது சட்டென்று சூடேறிக் காற்றாடியைச் சுழற்றத் தொடங்கும். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் முனகக்கூடும் என்பதால் உட்காரும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷனில் வேண்டாம். பிளக்கில் உள்ள 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டுச் செம்புத் துண்டு வைத்தால் ஒலி நன்றாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதலில் ரீஜெனரேட்டரைப் போட்டு, அது நிலைப்பட்டதும் டிஏசி, ஸ்ட்ரீமர், கடைசியில் ஆம்ப். அணைக்கும்போது ஆம்ப் முதலில்.

போட்டதும் எம்சிபி (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆனால் பயப்படாதீர்கள். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் முதல் கணத்தில் இழுக்கும் மின்சாரம் அது. இரண்டு மூன்று முறை தொடர்ந்தால் மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். ஆர்சிசிபி டிரிப் ஆனால் கதை வேறு. ஏர்கான், கணினி, துணிதுவைக்கும் இயந்திரம் என்று ஒவ்வொன்றின் ஃபில்டரும் எர்த்துக்குச் சிறிது மின்சாரத்தைக் கசியவிடும். எல்லாம் கூடி 30 மில்லி ஆம்பியரை நெருங்கும் வீட்டில் புதுப் பெட்டி கடைசித் துளியாகிவிடும். ஆர்சிசிபியை மாற்றவோ தவிர்க்கவோ முயலாமல், எது கசிகிறது என்று அளக்கச் சொல்லுங்கள்.

8. கண்ணை மூடிக் கேளுங்கள் (இரண்டு வாரம்)

பணம் கொடுத்த பிறகு காது தாராளமாகிவிடும். அதனால் நீங்கள் வெளியே நிற்க, வீட்டில் ஒருவர் ஆம்ப்பைச் சுவரிலோ ரீஜெனரேட்டரிலோ தன் விருப்பப்படி செருகி, கம்பிகளைத் துணியால் மறைத்துவிடட்டும். ரீஜெனரேட்டர் இரண்டு தடவையும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றாடி காட்டிக்கொடுத்துவிடும். ஒலியளவைத் தொடாமல் ஒரே பாட்டைக் கேட்டு, எது என்று எழுதுங்கள். பத்து முறை. ஒன்பது சரியாக வந்தால் வித்தியாசம் உண்மை. ஐந்து, ஆறு என்றால் அது நாணயத்தைச் சுண்டிப் போடுவதற்குச் சமம்.

என் மனைவி இரண்டு மாலைகள் பொறுமையாகச் செய்து கொடுத்தாள். ஆம்ப்புக்கு ஒன்பது சரி. முனகல் நின்றதால் இரவில் தாழ்ந்த ஒலியில் கேட்கும் ஆலாபனைகளில் சங்கதிகளுக்கு இடையே உள்ள மௌனம் உண்மையிலேயே மௌனமாயிற்று. டிஏசிக்குத் தனியாகச் செய்து பார்த்தபோது ஐந்துதான் சரி. அதைச் சுவருக்கே மாற்றிவிட்டேன். கடையில் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள்.

9. மின்கட்டணம்

என் பெட்டி சும்மா இருக்கும்போதே 60 வாட் எடுக்கிறது. நாள் முழுவதும் ஓடினால் 1.44 யூனிட். யூனிட் ஏறத்தாழ 30 காசு என்று வைத்தால் மாதம் 13 வெள்ளி. இரவு கேட்கும் மூன்று மணி நேரத்துக்கு மட்டும் போட்டால் இரண்டு வெள்ளிக்குள் முடிகிறது. அரை மணி நேரம் முன்னதாகப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருகிறேன். சாப்பிட்டு முடித்து வருவதற்குள் ஆம்ப்பும் சூடேறித் தயாராக இருக்கிறது.